கல் பெற்றோரும் கல் பெறாதோரும்: ஊவாத் தோட்டப்புற நினைவுச் சின்னங்கள் பற்றிய ஒரு நோக்கு

இறந்தாரை நினைவுகூரும் பொருட்டுக் கல் நாட்டுதல் தமிழரிடையே மிகப் பழைமையான வழக்கமாகும். கல்லைத் தேர்ந்து காணுதல் தொடங்கி, அதனை நீர்ப்படுத்தி, நட்டு, வாழ்த்துதல் ஈறாக உள்ள நிகழ்ச்சிகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் துறைகளாக வகுத்துக் கூறுகின்றது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டம் கண்ணகிக்குக் கல்லெடுத்த வரலாற்றை அம்முறை பற்றியே அமைத்துள்ளது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு அறியப்பெற்ற தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் மடிந்த ஒருவனது பெயரையும் அவனோடு தொடர்புடைய ஊரையும் நமக்கு அறிவிக்கின்றது. அவன் மன்னனல்லன்; ஊர்ப்பூசலிற் பட்ட ஒரு வீரனே. எனினும் இரண்டாயிரம் ஆண்டுகட்கு மேலாக அவன் பெயர் அழியாது நின்றுள்ளது.

இத்தகைய மரபிலே வந்த மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கடல் கடந்து இலங்கையின் மலைநாட்டிற் குடியேறினர். காடழித்துக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்டனர். பாதையும் புகையிரதப் பாதையும் அமைத்தனர். தலைமுறை தலைமுறையாக அம்மண்ணிலேயே மடிந்தனர். ஆயின் அவர்களுக்கு நடப்பெற்ற கல் யாது? ஊவா மாகாணத்தை, சிறப்பாகப் பதுளையையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் களமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யார் யாருக்குக் கல் நிற்கின்றது, யார் யாருக்கு நிற்கவில்லை, நில்லாமையால் விளைந்தது யாது என்னும் மூன்றனையும் முறையே நோக்குவாம்.

ஊவாவின் பழைய கல்

பதுளை நகரிலே வைத்துப் பேணப்படும் தூண் கல்வெட்டினை முதற்கண் குறிப்பிடுதல் தகும். கி. பி. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த இச்சிங்களக் கல்வெட்டு மகியங்கனைப் பகுதியிலே சொரபொர வாவியின் அருகிற் கண்டெடுக்கப்பெற்றுப் பின்னர்ப் பதுளைக்குக் கொணரப்பட்டது. ஹோபிட்டிகம என்னும் சந்தையூரின் வணிகரும் குடிகளும், அதிகாரிகள் முறைகேடாகத் தண்டம் அறவிடுகின்றனர் என அரசனிடம் முறையிட்டனர். அம்முறையீட்டின் பயனாக வகுக்கப்பட்ட விதிகளே தூணின் நான்கு பக்கங்களிலும் பொறிக்கப்பட்டுள்ளன. இதனைப் பேராசிரியர் பரணவிதான பதிப்பித்துள்ளார்.

இக்கல்வெட்டு அரசன் ஒருவனது வெற்றியைப் பாடவில்லை. அதிகாரத்தால் நலிந்த எளிய மக்களின் குறையே அங்கே கல்லெழுத்தாகியுள்ளது. குறையை வாயாற் கூறின் அது கூறியவரோடு மறையும். கல்லிற் பொறிப்பின் வழிவழி நின்று காக்கும் என்பதை அக்காலத்து மக்கள் அறிந்திருந்தனர். பின்வந்த நூற்றாண்டுகளில் ஊவாவில் எழுந்த கற்களை மதிப்பிடுதற்கு இதுவே நல்லதோர் அளவுகோலாகும்.

துரைமாரின் கற்கள்

பிரித்தானியர் கால நினைவுச் சின்னங்களை அறிதற்கு ஜே. பி. லூயிஸ் என்பார் 1913இல் வெளியிட்ட இலங்கைக் கல்லறை எழுத்துக்களின் பட்டியல் பெருந்துணை புரிவது. ஆட்சி அலுவலர், படைவீரர், தோட்டத்துரைமார், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோரின் கல்லறைகளை அந்நூல் மாகாணந்தோறும் தேடித் தொகுத்துள்ளது. நினைவுக் கல் எழுதப்பெறாது இறந்த ஐரோப்பியர் பற்றிய குறிப்புக்களும் அதில் இடம்பெற்றுள்ளன. ஒரு சமூகம் தன் இறந்தோரை எத்துணை அக்கறையோடு கணக்கெடுத்துக்கொண்டது என்பதற்கு அந்நூல் சான்று.

பதுளையிலுள்ள இத்தகு சின்னங்களுட் தலையாயது புனித மாற்கு ஆலயமாகும். 1857இல் நிறைவெய்திய இவ்வாலயம் மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்டது. இவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் பணிபுரிந்தவர். ஊவாவிற் பாதைகள் பலவற்றை அமைப்பித்தவர். அதனினும் மேலாக, ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்றே இவர் பேசப்படுகின்றார். 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் நாள் அப்புத்தளை வாடிவீட்டில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவிலுள்ள இவரது கல்லறையின் மீதும் பன்முறை இடி விழுந்தது என்றும், யானைகளைக் கொன்ற பாவத்தின் பலன் அது என்றும் மக்கள் கூறுவர். ஆட்சியாளர் ஆலயம் எழுப்பி ஒருவகையாக நினைவுகூர்ந்த மனிதரை மக்கள் கதைகட்டி வேறொரு வகையாக நினைவுகூர்ந்தனர். நினைவு என்பது கல் நட்டவரின் கருத்தின்வழி மட்டும் நடப்பதன்று என்பது இதனால் விளங்கும்.

அப்புத்தளையிலுள்ள புனித அந்திரேயர் ஆலய முற்றத்தில் துரைமாரின் கல்லறைகள் நிரை நிரையாக உள்ளன. இலங்கையைப் பாடிய ஆங்கிலக் கவிஞரும் கல்வியாளருமான டபிள்யூ. எஸ். சீனியர் பாதிரியாரின் நினைவிடமும் அங்கேயே உள்ளது. அவ்வூரின் அண்மையில் 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிஷாம் மாளிகை இன்று கத்தோலிக்கத் துறவியர் மடமாக விளங்குகின்றது. 1890இல் இலங்கைக்கு வந்து தம்பதென்னை முதலான தோட்டங்களை வாங்கிய சேர் தோமஸ் லிப்டன், தம் தோட்டங்களை நோக்கி அமர்ந்திருந்த மலைமுகடு இன்றும் 'லிப்டன் இருக்கை' எனவே வழங்குகின்றது. அங்கு அவரது உருவச்சிலையும் வைக்கப்பட்டுள்ளது. அம்முகட்டிலிருந்து பார்ப்பார்க்குத் தோன்றும் பச்சைச் சரிவுகளை நட்டவர் யார், கவ்வாத்து வெட்டியவர் யார், கொழுந்து பறித்தவர் யார் என்பதைக் கூறும் கல்லொன்று அச்சிலையின் அருகில் நிற்பதே பொருத்தமாகும்.

இவ்வாறு கூறுவதனால் துரைமாரின் கல்லறைகளை நாம் வெறுக்கின்றோம் என்பது பொருளன்று. இளவயதிற் காய்ச்சலால் இறந்த அன்னிய நாட்டுப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் எழுப்பிய கல்லும் மனிதத் துயரின் அடையாளமே. அதே காய்ச்சலால் அதே மலையில் இறந்த மற்றையோர்க்கும் கல் உரியது என்பதே நாம் கூற விழைவது.

நிகழ்ச்சியும் சின்னமும்

ஆட்களுக்கேயன்றி நிகழ்ச்சிகளுக்கும் கல் நடுவர். அவ்வகையிற் பார்ப்பினும் ஊவாவிற் குறை பெரிதாகும். இலங்கையின் பொருளாதாரத்தையே மாற்றிவிட்ட கோப்பி இலைநோய் 1869ஆம் ஆண்டு முதன்முதலாக மடுல்சீமைப் பகுதியிலேதான் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுட் கோப்பிப் பயிர் ஏறத்தாழ முற்றாக அழிந்தது. தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. தொழிலாளர் கூலி நிலுவை பெறாமலே ஊர் திரும்பினர். எஞ்சியோர் தேயிலை நடுதற்கு அமர்த்தப்பட்டனர். கோப்பிக் காலத்திற் பருவந்தோறும் வந்து மீண்ட கூட்டம், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலையின் வருகையாலேயே நிலைத்த குடியாயிற்று. மலையகத் தமிழர் ஒரு சமூகமாக உருவான வரலாற்றிலே மடுல்சீமைக்கு உரிய இடம் இதுவாகும்.

புகையிரதப் பாதையின் கதையும் இத்தகையதே. மலைநாட்டுப் பாதை 1885இல் நானுஓயாவை அடைந்தது; 1894இற் பண்டாரவளை வரை நீண்டது; 1924 ஏப்ரல் 5ஆம் நாள் பதுளையிலே முடிவெய்தியது. இறுதிப் பகுதியிலே தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றி வந்து நிலையத்தின் கீழே சுரங்கத்துட் புகுகின்றது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் 1921இற் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் ஆனது. இப்பாலத்தை அமைக்க உதவிய அப்புஹாமி என்பவரைப் பற்றிய செவிவழிச் செய்தியொன்றை அயற்கிராமத்துச் சிங்கள மக்கள் பேணி வருகின்றனர். ஏட்டிலே இல்லாத தம் ஊரவனைக் கதையால் நிலைநிறுத்திய அவர்களின் செயல் போற்றத்தக்கது. கல் சுமந்தும் சுரங்கம் அகழ்ந்தும் உழைத்த தொழிலாளரைப் பற்றி அவ்வாறு ஒரு பெயரேனும் நம்மிடை வழங்கவில்லை.

கல்லில்லா நினைவுகள்

தோட்டப்புற இடுகாடு பெரும்பாலும் தேயிலை நடுதற்கு உதவாத சரிவிலோ ஆற்றோரத்திலோ அமைந்திருக்கும். ஈமச் சடங்கின்போது நடப்படும் சிறு கல்லும், மண்மேடும், அதன்மேல் நடப்பட்ட பூச்செடியுமே அங்குள்ள அடையாளங்கள். மலைநாட்டு மழை சில ஆண்டுகளில் மேட்டைக் கரைத்துவிடும், புல் மூடிவிடும். வசதி வாய்ந்த பெரியகங்காணிமார் சிலருக்கே கட்டடமாகிய சமாதிகள் எழுந்தன. பிற்காலத்திலேதான் சீமெந்துக் கல்லறையில் பெயரெழுதும் வழக்கம் தொழிலாளரிடையே பரவியது. ஆகவே முதல் மூன்று தலைமுறையினரின் பெயர்கள் அவர்கள் புதைக்கப்பட்ட இடத்தில் இல்லை.

அவ்வாறாயின் அம்மக்கள் தம் முன்னோரை மறந்தனரா எனின், அன்று. கல்லாற் செய்யாததைப் பிற வழிகளாற் செய்தனர். அவற்றுட் சிலவற்றை ஈண்டு நோக்குவாம்.

முதலாவது தெய்வங்கள். தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்தைக் காக்கும் தெய்வமாக 'ரோதை முனி' வழிபடப்படுகின்றார். ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் தோட்டப்புற வழக்கு. தமிழ்நாட்டுக் கிராமத்தில் இல்லாத இத்தெய்வம் மலைநாட்டிலே, பொறியின் அருகே, உழைப்பின் அச்சத்திலிருந்து பிறந்தது. பொறியிடையே உழைத்தோர் நாள்தோறும் எதிர்நோக்கிய ஆபத்தின் நினைவு அவ்வழிபாட்டின் அடியில் உறைகின்றது எனக் கருத இடமுண்டு.

இரண்டாவது கூத்து. மாசி மாதத்திற் காமன் நட்டு ஆடப்படும் காமன் கூத்தும், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு முதலியனவும் தோட்டந்தோறும் இன்னார் வழியினர் இன்ன வேடம் புனைவர் என்னும் முறையோடு நிகழ்வன. பாட்டன் ஆடிய வேடத்தைப் பேரன் ஆடும்போது அக்களத்திற் பாட்டனின் பெயர் எடுத்துக் கூறப்படுவது இயல்பு.

மூன்றாவது பாடல். துரையின் கொடுமை, கங்காணியின் கணக்கு, கடல் கடந்த வழி, மகவை இழந்த தாயின் ஒப்பாரி ஆகியவற்றை வாய்மொழிப் பாடல்கள் காத்துவந்துள்ளன. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவற்றைத் தேடித் தொகுத்திராவிடின் பல பாடல்கள் அழிந்தே போயிருக்கும்.

நான்காவது பெயர். பதுளைக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த எழுத்தாளர் ஜோசப், தாம் ஆசிரியராகப் பணிபுரிந்த தெளிவத்தை என்னும் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். 'காலங்கள் சாவதில்லை' (1974) என்னும் நாவல் முதலாகப் பல நூல்களைத் தந்த தெளிவத்தை ஜோசப் 2022இல் மறைந்தார். நிலப்படத்திலே தேடிக் காணவேண்டிய ஒரு சிறு தோட்டம் அவர் பெயரால் தமிழுலகெங்கும் அறியப்பட்டது. தோட்டத்திற்குத் தனிமனிதர் நட்ட நினைவுக் கல் என்றே இதனைக் கூறலாம்.

சான்றின்மையால் விளைந்த தீங்கு

நினைவுச் சின்னம் என்பது அலங்காரம் என்றும், வயிறு நிறைந்தபின் எண்ணத்தக்கது என்றும் கருதுவாருளர். மலையகத் தமிழரின் வரலாறு இக்கருத்தை மறுக்கின்றது.

தோட்டத் தொழிலாளரைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் இல்லாமலில்லை. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திற் புகுத்தப்பட்ட தகரத் துண்டு தொழிலாளியின் கழுத்திலே தொங்கியது. அவர் போய்ச் சேரவேண்டிய தோட்டத்தின் அடையாளம் அதிற் குத்தப்பட்டிருந்தது. கடனைக் காட்டும் துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை அவரைத் தோட்டத்தோடு பிணித்தது. பிரட்டுக்களத்தில் நாள்தோறும் பெயர் கூப்பிடப்பட்டுச் செக்குரோலிற் பதியப்பட்டது. ஆயின் இவை யாவும் முதலாளியின் ஏடுகள். தொழிலாளியின் கையில் இருந்தவையல்ல.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமாகாதோர் பத்து ஆண்டுகளும் மணமானோர் ஏழு ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையை நிறுவவேண்டும் என விதித்தது. எழுத்தறியாத மக்கள் எதைக் காட்டி நிறுவுவர்? 'என் தந்தையை இந்த மலையிலேதான் புதைத்தோம்' என்னும் சொல் சான்றாகுமா? பெயர் பொறித்த கல் அங்கு இல்லை. ஏறத்தாழ 825,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. அவர்களுட் பதிவுபெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரேயாவர். பிறப்புச் சான்றில் எழுத்துப் பிழை, செக்குரோலிற் பெயர் வேறுபாடு என்பன போன்ற காரணங்கள் பலரின் விண்ணப்பத்தை வீழ்த்தின.

1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்பாடு இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரித்தது. பதுளையிலிருந்து தலைமன்னார்க் கப்பலை நோக்கிப் புறப்பட்ட குடும்பங்கள் தம் தட்டுமுட்டுக்களைக் கட்டிக்கொண்டன. பெற்றோரின் குழிமேடுகளைக் கட்டிக்கொண்டு செல்லல் இயலாது. 1983 ஜூலையிற் பதுளை நகரிலே தமிழரின் கடைகளும் இல்லங்களும் எரியுண்டபோது, பல காலம் பேணிய பத்திரங்களும் எரிந்தன. நாடற்றோர் எனப்பட்டவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து கிடைத்த அவ்வுரிமையைக் காணாது மறைந்தோர் இரண்டு தலைமுறையினராவர்.

போராட்டமும் பேரழிவும்

1817–18இல் ஊவா வெல்லஸ்ஸைப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியின் தலைவர்களைப் பிரித்தானிய அரசு துரோகிகள் என அறிவித்தது. அவ்வறிவிப்பு 2016இல் நீக்கப்பட்டு, அவர்கள் தேசிய வீரர்களாக ஏற்கப்பட்டனர். இரு நூற்றாண்டுகட்குப் பின்னரும் தவறான எழுத்தைத் திருத்தல் கூடும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

தோட்டத் தொழிலாளரின் போராட்டங்களுக்கும் இத்தகைய கவனம் வேண்டும். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் சூட்டுக்கு இரையான கோவிந்தன் மலையகத் தியாகிகளின் வரிசையில் முன்னிற்பவர். அதே ஆண்டிற் பதுளையை அடுத்த வேவஸ்ஸைத் தோட்டத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் ஊவாவிற்கே உரியது. அங்குத் தொழிலாளர் தம்முட் தேர்ந்த குழுவொன்றினை அமைத்துத் தோட்ட நிருவாகத்தோடு பேசினர். கங்காணியின் வாயிலாகவே பேச அனுமதிக்கப்பட்டிருந்த மக்கள் தாமே தம் பேராளரைத் தேர்ந்த அந்நிகழ்ச்சி, 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு எழுவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பியதற்கு ஏழாண்டுகள் முந்தியது.

அண்மைக்காலத் துயரம் மீரியபெத்தையாகும். கொஸ்லந்தையை அடுத்த அம்மிட்டிகந்தைத் தோட்டத்தின் அப்பிரிவில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது. மாற்று நிலம் அவர்களுக்கு இருக்கவில்லை. புதையுண்டோர் எல்லாருடைய உடலும் மீட்கப்படவில்லை. ஆகவே அச்சரிவே அவர்களின் கல்லறையாயிற்று. உயிர் தப்பியோர்க்குப் பின்னர் வேறிடத்தில் வீடுகள் அமைக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையும் பதுளை மாவட்டத்தின் சரிவுகளை மீண்டும் சரியச் செய்தது. சரிந்த இடத்திலே நிற்கும் ஒரு கல் இறந்தோர்க்கு மரியாதை மட்டுமன்று. இங்கே வீடு கட்டற்க என்று வாழ்வோர்க்கு உரைக்கும் எச்சரிக்கையுமாகும்.

செய்யத்தக்கன

பிற நாட்டார் இத்துறையிற் செய்தவற்றை நோக்குதல் பயனுடையது. இங்கிலாந்தின் சதம் கடற்படைக் கப்பற்கட்டுமிடம் 1984இல் மூடப்பட்டபின், அதன் கயிறு முறுக்கும் கொட்டகை முதலியன தொழில் நினைவகமாகப் பேணப்படுகின்றன. அங்கே கப்பலோடு கயிறு முறுக்கியவரும் நினைவுகூரப்படுகின்றார். நமக்கு இன்னும் நெருங்கிய முன்மாதிரி மொரிசியசு. ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய போட் லூயிஸ் துறையின் படிக்கட்டும் கட்டடங்களும் 'ஆப்ரவாசி காட்' என்னும் பெயரில் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. வந்திறங்கியோரின் பதிவேடுகளும் அந்நாட்டிற் பேணப்படுவதால், பேரர் தம் பாட்டனின் பெயரைத் தேடிக் காண முடிகின்றது.

நம் நாட்டிலும் முயற்சி தொடங்காமலில்லை. கம்பளைக்கு அண்மையிற் பழைய லயன் அறைகளையே காட்சியறைகளாக்கித் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவையொட்டி 2023 ஜூலை 28 முதல் ஓகத்து 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியே பேரர் நடந்தமையும் ஒருவகை நினைவுச் சின்னமே. ஊவாவில் இனிச் செய்யத்தக்கன நான்கு என நாம் கருதுகின்றோம்.

ஒன்று, தோட்டந்தோறும் இடுகாடுகளின் எல்லையை வரைந்து, எஞ்சிய கல்லெழுத்துக்களைப் படியெடுத்தல். லூயிஸ் துரைமாருக்குச் செய்ததைத் தொழிலாளர்க்கு நாம் செய்தல் வேண்டும். இரண்டு, பழைய செக்குரோல்கள், பாடசாலை வரவேடுகள், கோயிற் கணக்குகள் ஆகியவற்றைத் தேடிப் பாதுகாத்தல். 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இவ்விரு கைமாற்றங்களையும் கடந்து எஞ்சிய ஏடுகள் எத்தொழிற்சாலை மேல்மாடியில் உள்ளன என அறிதல் அவசரமான பணி. மூன்று, முதியோரின் நினைவுகளை அவர்கள் மொழியிலேயே பதிவுசெய்தல். நான்கு, மடுல்சீமை, தெமோதரை, வேவஸ்ஸை, மீரியபெத்தை ஆகிய இடங்களிலேனும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய எளிய கல்லொன்றினை நாட்டுதல். அயலவரும் படித்தறியும் கல்லே இரு சமூகத்தவர்க்கும் பொதுவான வரலாறாகும்.

இவற்றுள் முதன் மூன்றற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் தோட்டத்து முதியோர் ஒருவரிடம் அமர்ந்து, யார் எங்கே புதைக்கப்பட்டனர் என்று கேட்டு எழுதின், சில ஆண்டுகளிற் பெரியதொரு பட்டியல் உருவாகும். ஆனால் அதனைச் சொல்லவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். குடிகளின் முறையீட்டைப் பொறித்த பத்தாம் நூற்றாண்டுத் தூண் பதுளையிலே நிற்கின்றது. அதே நகரைச் சூழ்ந்த மலைகளில் உழைத்து மடிந்தோரின் பெயர்களையும் எழுதி வைத்தல் நம் தலைமுறைக்குரிய கடனாகும்.